பேர் எழுதாத பிராது

வாலிகண்டபுரம் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் நடாத காடு கிடையாது. ஆனால் விதை வெங்காயம் வேண்டுமென்றால் ஜனங்கள் கமலவேணி வாசலில்தான் வந்து நிற்பார்கள். அறுவடை ஆனதும் அவள் கட்டுகிற பட்டறை அப்படி. தரையில் கல் பரப்பி, மேலே மூங்கில் அடுக்கி, நாலு பக்கமும் காற்று புகுந்து போகிற மாதிரி படல் வைத்து, கீற்று வேய்ந்து, உள்ளே வெங்காயத்தைக் கொட்டினால் அடுத்த பட்டம் வரைக்கும் ஒன்றுகூடச் சொத்தையாகாது. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். வெயிலில் நின்று சம்பாதித்த தலைக்கனத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

அப்பேர்ப்பட்ட பட்டறையிலிருந்துதான் போன வருஷம் ஒரு நாற்றம் கிளம்பியது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து அவள் புருஷன் அமிர்தலிங்கம் படலைப் பிரித்துக் கையை விட்டார். விட்ட கை கூழில் புதைந்தது. மேலே சிவப்பாக, உருண்டையாக, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டலாம் போல இருந்த வெங்காயம் உள்ளே கழுத்திலிருந்து அழுகிக் கொழகொழத்துக் கிடந்தது. அதைவிடக் கொடுமை, அதற்கு முந்தின வாரம்தான் சொந்தபந்தமெல்லாம் விதைக்கென்று மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் வந்தது. ஒருத்தரும் திட்டவில்லை. கமலவேணி வெங்காயமா இப்படி என்று பரிதாபமாகக் கேட்டார்கள். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

இந்த வருஷம் விதையை மாற்றினாள், வயலையும் மாற்றினாள். பயிர் வந்தது பாருங்கள், அப்படி வந்தது. தாள் முழங்காலைத் தாண்டிக் கரும்பச்சையாக நின்றது. அந்தப் பச்சையைப் பார்த்து, இதற்கு மேல் உரமே வேண்டாம் என்று அமிர்தலிங்கம் யூரியா மூட்டையைப் பிரிக்காமலே போட்டு வைத்தார். அறுத்த பிறகுதான் வினை. தாள் காய மாட்டேன் என்றது. கழுத்து தடித்துப் பச்சையாகவே இருந்தது. எப்படியோ உலர்த்திப் பட்டறையில் ஏற்றினாள். மாசி முடிவதற்குள் அதே நாற்றம். வேளாண்மை ஆபீசிலிருந்து வந்த பெண் வெங்காயத்தை நறுக்கிப் பார்த்துவிட்டு, தழைச்சத்து அதிகமாகப் போயிருக்கிறது, உரத்தைக் குறையுங்கள் என்றாள். போடாத உரத்தை எப்படிக் குறைப்பது என்று கமலவேணிக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்தக் கோபம் போய் விழுந்த இடம் ரத்தினம்மாள்.

ரத்தினம்மாள் அவளுடைய ஓரகத்தி. அமிர்தலிங்கத்தின் தம்பி ராசாங்கம் மாரடைப்பில் போன பிறகு, மகனும் வெளியூரில் இருப்பதால், அவர் பங்கு நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள். ஆள் வைத்து வெங்காயம் பார்க்க முடியாது என்று மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு குடும்பத்துக்கும் கல்லோடைக் கரையில் ஒரே கூட்டுக்கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறைத் தண்ணீர். மார்கழியில் ஒருநாள் ரத்தினம்மாள் வரப்பில் நின்று, என்னக்கா தாள் ஆளையே மறைக்கிற மாதிரி வந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னவள் சும்மா போகாமல் ஒரு தாளைக் கிள்ளி முகர்ந்தும் பார்த்தாள். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். போன வருஷமும் இதே போல ஏதோ சொன்னாள் என்று கமலவேணிக்கு இப்போது ஞாபகம் வந்தது.

சரி, கண் என்றே வைத்துக்கொண்டாலும் இன்னொன்று அவளை அரித்தது. ஒரே கிணறு, ஒரே தண்ணீர், நடுவில் ஒரு வரப்பு. இந்தப் பக்கம் வெங்காயம் அழுகுகிறது. அந்தப் பக்கம் மக்காச்சோளம் யானை புகுந்தால் தெரியாத உயரத்துக்கு நிற்கிறது, தட்டைக்கு ரெண்டு கதிர். தண்ணீரில் கோளாறு என்றால் அவளுக்கும்தானே வர வேண்டும்? தண்ணீரைக் குறை சொல்லவும் வழியில்லை. முன்னெல்லாம் ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஓடுகிற கல்லோடை, இந்த மூன்று நாலு வருஷமாகச் சித்திரையிலும் ஓடுகிறது. தடுப்பணையில் எந்நேரமும் தண்ணீர் நிற்கிறது, கிணறு வற்றுவதே இல்லை. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று அமிர்தலிங்கம் ஓடைக்கரையில் சூடம்கூடக் கொளுத்தியிருந்தார். ஆகவே தண்ணீர் நல்ல தண்ணீர், ஓரகத்திதான் கெட்டவள் என்று கமலவேணி முடிவு கட்டினாள். பங்காளி வீட்டுக் கணக்கு எப்போதும் இப்படித்தான் சுலபமாக முடிந்துவிடும்.

பங்குனியில் அவள் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிளம்பினாள். அந்த முருகனிடம் ஜனங்கள் பிராது கொடுப்பார்கள். இன்ன அநியாயம் நடந்தது, இன்னார் செய்தார், நீ கேள் என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாத கேஸெல்லாம் அங்கே எடுபடும் என்று நம்பிக்கை. பிராது தீர்ந்தாலோ, வேண்டாம் என்று மனசு மாறினாலோ, மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கட்ட வேண்டும். அதுவரைக்கும் கேஸ் நடந்துகொண்டிருக்கும்.

எழுதுகிறபோது கூட வந்திருந்த அமிர்தலிங்கம் குறுக்கே விழுந்தார். நல்ல மனுஷன். தம்பி பெண்டாட்டி, புருஷனை இழந்தவள், அவள் பேரை எழுதிக் கட்டினால் பாவம் என்று அவருக்குப் பட்டது.

"பேரெல்லாம் வேணாம் கமலம். யாரா இருந்தாலும்னு எழுதச் சொல்லு. சாமிக்குத் தெரியாதா யாருன்னு?" என்றார்.

கமலவேணிக்கும் அது சரியாகத்தான் தோன்றியது. 'என் வெள்ளாமையைக் கெடுத்தவங்க யாரா இருந்தாலும் அவங்க குடி தழைக்கக் கூடாது' என்று எழுதச் சொல்லி, கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டு, வேலில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தாள். வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினாள்.

ஊருக்குள் விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ரத்தினம்மாள் காதுக்கும் போனது. அவள் சண்டைக்கு வரவில்லை. கமலவேணி இருக்கிற நேரத்தில் கிணற்றுப் பக்கம் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் ஏன் பயம் என்று கமலவேணி அதையும் அவளுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் மகளிடமிருந்து போன் வந்தது.

ஹேமலதா ஒரே மகள். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை தங்காமல் போய், இப்போது மூன்றாவதாக ஐந்து மாதம். அவள் புருஷன் சுரேஷ்குமாருக்கு அரியலூரில் சிமென்ட் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். பெரம்பலூர் ஓரத்தில் புதிதாகப் போட்ட அமுதம் நகரில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். சுரேஷ்குமார் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் ஹேமலதாவுக்கு லேசாக உதிரம் பட்டுவிட்டது. பக்கத்து வீட்டு சாகிராதான் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து, ஆட்டோ வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஆனால் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கமலவேணி இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு அன்றைக்கே போய்ச் சேர்ந்தாள்.

அமுதம் நகர் அவளுக்குப் பிடித்த இடம். சும்மா கிடந்த மானாவாரிக் காட்டில் கல் நட்டு, கலர் அடித்து, இன்றைக்கு வீட்டுக்கு வீடு மாடியும் தொட்டிச் செடியுமாக நிற்கிறது. மகளுக்கு மாடுலர் கிச்சன், குளியலறைக்குள்ளேயே வாஷிங் மிஷின். நம் வயிற்றில் பிறந்தது இப்படி வாழ்கிறதே என்று அவள் ஒவ்வொரு தடவையும் குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பாள். சாகிரா லெப்பைக்குடிக்காட்டுப் பெண். புருஷன் தௌஃபீக் துபாயில். தாராளமான சுபாவம். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டாள். ஒருநாள் கஞ்சி, ஒருநாள் மாதுளம்பழம் என்று ஏதாவது கையில் இருக்கும். அல்லா லேசாக்கி வைப்பான் பெரியம்மா, கவலைப்படாதீங்க என்று சொல்லிவிட்டு ஹேமலதாவின் தலையைக் கோதிவிட்டுப் போவாள்.

ஒரு காலையில் பெட்ஷீட்டெல்லாம் மிஷினில் போட்டுவிட்டு, முருங்கைக்கீரை கிடைக்குமா என்று கமலவேணி வீட்டுக்குப் பின்னால் போனாள். அவள் அந்தப் பக்கம் போவது அதுதான் முதல் தடவை. மதில் முடிகிற இடத்தில் சிமென்ட் வாய்க்கால் ஒன்று ஓடியது. மழைத்தண்ணீருக்கென்று மனை போட்டவர்கள் கட்டிக்கொடுத்தது. மழை பெய்து மாதக் கணக்காகிறது, வாய்க்காலோ நிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மதிலிலிருந்தும் ஒரு பிளாஸ்டிக் குழாய் வாயை நீட்டிக்கொண்டு அதில் ஊற்றியது. அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மகள் வீட்டுக் குழாயிலிருந்து மிஷின் தண்ணீர் நுரையோடு வந்து விழுந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு குழாய், கொஞ்சம் கறுப்பாகக் கசிந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று மூக்கு சொல்லிவிட்டது.

வாய்க்கால் இருபதடி தள்ளி ஒரு ஓடையில் விழுந்தது. விழுகிற இடத்தில் அறுகம்புல் இடுப்பு உயரம். கோரை அதைவிட உயரம். நடுவில் சேம்பு இலை ஒவ்வொன்றும் முறம் அகலத்துக்கு விரிந்து கிடந்தது. எல்லாம் ஒரே கரும்பச்சை. தேங்கின இடத்தில் பாசி திரைபோல மூடியிருந்தது. கமலவேணிக்கு அந்தப் பச்சையைத் தெரியும். இரண்டு வருஷமாக அவள் தன் வயலில் பார்த்துப் பூரித்த பச்சை அது. அந்தப் பாசியையும் தெரியும். கிணற்றுப் படியில் ஒதுக்கி ஒதுக்கித்தான் அவள் தண்ணீர் மொண்டாள்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சாகிராவை நிமிர்ந்து பார்த்து, இது எந்த ஓடை என்று கேட்டாள்.

"கல்லோடை பெரியம்மா. அப்படியே வாலிகண்டபுரம் பக்கம் போவுமாம். உங்க ஊருக்குத்தான்னு நெனைக்கிறேன்" என்றாள் சாகிரா.

சித்திரையிலும் ஓடுகிற ஓடையின் ரகசியம் அவ்வளவுதான். மேலே மழை பெய்யவில்லை, கடவுளும் கண் திறக்கவில்லை, ஊர் குளித்துக்கொண்டிருந்தது. இத்தனை வீட்டுச் சோப்புத் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் சேர்ந்தால் அது உரம் இல்லாமல் வேறென்ன? எருக்குழியைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அதைப் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆபீஸ் பெண் சொன்னது சரிதான். அவர்கள் யூரியா மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள், யூரியா தானாக நடந்து வயலுக்கு வந்துகொண்டிருந்தது. மக்காச்சோளம் எதைப் போட்டாலும் தின்று கொழுக்கும். வெங்காயம் வாய்க்கட்டு உள்ள பயிர். அளவுக்கு மீறிக் கொடுத்தால் தாளாக வளர்ந்து தள்ளும், கழுத்து காயாது, உள்ளே ஈரம் நின்று பட்டறையில் அழுகும். ரத்தினம்மாள் கண்ணும் இல்லை, கையும் இல்லை. ஒரே தண்ணீர் அவளுக்குச் சாப்பாடாகவும் இவளுக்கு விஷமாகவும் போனது, அவ்வளவுதான்.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றுவிட்டது.

யாரா இருந்தாலும். அவங்க குடி தழைக்கக் கூடாது.

பின்னால் மதிலுக்கு அந்தப் பக்கம், ஃபேன் ஓடுகிற அறையில், மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குழாய் இன்னும் நுரையை ஊற்றிக்கொண்டிருந்தது. கமலவேணி வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிராது கட்டியது பங்குனியில். உதிரம் பட்டது வைகாசியில். பெண்ணைப் பெற்றவளே தன் கையால் வேலில் இறுக்கிக் கட்டிவிட்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று நீங்களும் நானும் சொல்லலாம். இரண்டு முறை கருவைப் பறிகொடுத்த மகளை உள்ளே படுக்க வைத்துவிட்டு அப்படிச் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

மகளிடம் அவள் மூச்சு விடவில்லை. மருமகன் வந்ததும், சமையல் பேச்சைப் போல, இந்தக் குழாயை வேறெங்காவது விடக்கூடாதா என்று கேட்டாள். சுரேஷ்குமார் மறைக்கவில்லை. செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று கொத்தனார் எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் குழாய் வைத்துக் கொடுத்தார். பாதாளச் சாக்கடை வரும் வரும் என்று மனை விற்றவர்கள் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. இது எங்கே போய்ச் சேர்கிறது என்று தனக்கு யோசிக்கத் தோன்றவே இல்லை என்றான். மாமியார் முகத்தைப் பார்த்தவன் மறுவாரம் லீவு போட்டு, வீட்டுப் பக்கவாட்டில் உறிஞ்சு குழி தோண்டி, ஜல்லி கொட்டி, தன் வீட்டுக் குழாய்களை அதில் திருப்பினான். குழியோரம் ரெண்டு வாழையும் வைத்தான். நல்ல பிள்ளை. ஆனால் மற்ற வீட்டுக் குழாய்கள் ஊற்றிக்கொண்டேதான் இருந்தன. அவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னதற்கு, மீட்டிங் போட்டுப் பேசலாம் என்று எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அமிர்தலிங்கம் வந்தபோது அவரிடம் மட்டும் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டவர், பேர் வேணாம்னு நான்தானே சொன்னேன் என்று மட்டும் சொல்லி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜினாமா கட்டிவிடலாம், நாளைக்கே போகலாம் என்றார். கமலவேணிக்கு அதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. சாமியிடம் போவது சுலபம், அவர் திருப்பிக் கேட்க மாட்டார்.

மறுநாள் காலை அவள் ஊருக்குப் போய் நேரே கிணற்றடிக்குத்தான் நடந்தாள். ரத்தினம்மாளின் முறை நாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அவள் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். கமலவேணியைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகரப் போனாள். கமலவேணி முன்னால் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. ஓடையைக் காட்டி, குழாயைச் சொல்லி, நுரையைச் சொல்லி, ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொட்டினாள். தாளில் என்ன எழுதினாள் என்பதையும் எழுத்து மாறாமல் சொன்னாள். தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உன் பேரை எழுதல ரத்தினம், அதுக்கு மட்டும் எனக்குப் புத்தி இருந்துச்சு என்று கடைசியில் ஒரு சமாதானமும் சொல்லிப் பார்த்தாள்.

ரத்தினம்மாள் அதுவரை அழாமல் கேட்டுக்கொண்டிருந்தவள். அந்த வார்த்தையில்தான் உடைந்தாள்.

"என் பேரையே எழுதியிருக்கக் கூடாதாக்கா?" என்றாள். "எனக்கு வந்துட்டுப் போயிருக்கும். புள்ளைக்குப் போயிருக்காதே."

ஹேமலதா பிறந்து மூன்றாம் மாதம் கமலவேணி காமாலையில் படுத்தபோது, தன் மகன் சுதர்சனுக்கு ஒரு பக்கமும் ஹேமலதாவுக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்தவள் இந்த ரத்தினம்மாள். அதை இத்தனை நாள் எந்த மூலையில் போட்டு வைத்திருந்தோம் என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது. இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து அழுதார்கள். மடை உடைத்துக்கொண்டு தண்ணீர் கமலவேணியின் வெறும் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது, யாரும் எழுந்து திருப்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாகவே கிளம்பினார்கள். அமிர்தலிங்கம் மாட்டுக்குத் தீனி போட வேண்டும் என்று ஊரில் நின்றுகொண்டார். ஹேமலதாவைப் பார்த்துக்கொள்ள சாகிரா வந்துவிட்டாள். கோயிலுக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பஸ் லெப்பைக்குடிக்காட்டைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது, இதுதானே அந்தப் பொண்ணு ஊர் என்று ரத்தினம்மாள் கேட்டாள். ஆமாம் என்றாள் கமலவேணி.

கோயிலில் எழுதிக் கொடுக்கிறவர் வயசானவர், கண்ணாடிக்கு மேல் பார்த்துப் பேசுகிறவர். ராஜினாமா என்றதும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பிராது தீர்ந்துதாம்மா என்று வழக்கம்போலக் கேட்டார்.

"தீரலீங்க" என்றாள் கமலவேணி. "தண்ணி அப்படியேதான் வருது. நான் இனிமே வெங்காயம் நட முடியாது."

"தீரலன்னா எதுக்கும்மா ராஜினாமா?"

"ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க. என் மக."

அவர் பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார். இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் கேஸ் இப்படித்தான் முடியும் என்பது அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் தலைப்பை எழுதினார். யாரா இருந்தாலும் என்று போட்ட பிராதை வாபஸ் வாங்குகிறேன் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றார். ரத்தினம்மாள் விடவில்லை. போன தடவை பேர் எழுதாமல் விட்டுத்தான் இத்தனையும் வந்தது, இந்தத் தடவை பேரைத் தெளிவாக எழுதுங்கள், சாமி ஆள் தெரியாமல் தேடக்கூடாது என்றாள். ஹேமலதா என்று எழுதி, வயிற்றுப் பிள்ளையோடு என்றும் சேர்க்கச் சொன்னாள். அவர் சேர்த்தார். மருமகன் பேரையும் எழுதினார். அவ்வளவுதானே என்று தாளைத் திருப்பினார்.

கமலவேணி தாளின் மேல் கையை வைத்தாள். அந்த வாய்க்காலில் நீட்டிக்கொண்டிருந்த குழாய்கள் எல்லாம் அவள் கண்ணில் வரிசையாக வந்தன. ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலும் ஒரு வீடு. மூன்றாவது வீட்டில் தவழ்கிற குழந்தை. கடைசி வீட்டில் போன மாதம் வளைகாப்பு. அவர்கள் குடியும் தழைக்கக் கூடாது என்றுதானே கட்டியிருக்கிறாள். வாங்கின மனையில் வீடு கட்டி, துணி துவைத்து, குளித்ததைத் தவிர அவர்கள் செய்த குற்றம்தான் என்ன.

"இன்னும் பேரு இருக்குங்க. எம் மக வூட்டுக்குப் பக்கத்து வூடு, சாகிரா."

அவர் எழுதப் போனவர் நிறுத்தினார். துலுக்கர் வீட்டுப் பொண்ணாச்சே, அவங்களுக்கும் நம்ம சாமிக்கும் என்னம்மா என்று, தப்பாக ஒன்றுமில்லாமல், சந்தேகத்தில்தான் கேட்டார்.

"பிராது அவ மேலயும்தானேங்க கெடக்குது" என்றாள் கமலவேணி. "போடும்போது யாரு எவருன்னு பார்த்தா போட்டேன்? எடுக்கும்போது மட்டும் எப்படிங்க பார்க்கிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தகப்பனார் பேர் என்ன என்று கேட்டார். அது கமலவேணிக்குத் தெரியவில்லை. போனை எடுத்தாள். மணி அடித்ததுமே சாகிரா எடுத்தாள். ஹேமா தூங்குகிறாள், கஞ்சி குடித்துவிட்டாள் என்று கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். கமலவேணி தொண்டையைச் செருமிக்கொண்டு, உன் அத்தா பேர் என்ன கண்ணு, இங்கே கோயிலில் எழுத வேண்டும் என்கிறார்கள் என்றாள்.

சாகிராவின் குரல் மெல்லச் சிரிப்போடு வந்தது.

"எனக்கும் சேர்த்தா வேண்டிக்கிறீங்க பெரியம்மா? சாகுல் ஹமீது. எழுதிக்கங்க. நீங்க நெனச்சா நல்லதாத்தான் இருக்கும்."

இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், அது இங்கே வந்து நிற்பதைவிடக் கஷ்டம் என்று கமலவேணிக்குத் தெரிந்தது. "வந்து சொல்றேன்ம்மா" என்றாள். போனை வைத்துவிட்டு அழுகையை முந்தானையில் அடக்கிக்கொண்டு, சாகுல் ஹமீது மகள் என்று அவரிடம் சொன்னாள். ரத்தினம்மாள் அவள் முதுகில் கையை வைத்தபடி நின்றாள். அவர் நிறுத்தி நிதானமாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் பேனாவை வைத்து, அதுக்கு அடுத்த வீட்டில் யார் என்று கேட்டார்.